சிவப்பணு சிதையாமல் ஒரு கருவி

மனிதச் சிவப்பணு ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, இரு பக்கமும் நடுவில் குழிந்த சிறு தட்டு. அதற்கு உட்கரு இல்லை. புதிய புரதம் செய்து தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் வழியும் இல்லை. மெல்லிய சவ்வுக்குள் ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, தன் விட்டத்தைவிடக் குறுகிய தந்துகிகளுக்குள்ளும் நெளிந்து நுழைந்து, சுமார் 120 நாள் ஓடி ஓய்கிறது. மூப்படைந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் அகற்றிவிடுகின்றன. செயற்கை வால்வு, ரத்தப் பம்ப், ஆக்சிஜனேட்டர், டயாலிசிஸ் குழாய் போன்ற கருவி ஒன்று ரத்தம் ஓடும் பாதையில் வந்து சேரும்போது இந்த ஒழுங்கு குலையலாம். சவ்வு கிழிந்து ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கொட்டிவிடுவதே சிவப்பணுச் சிதைவு. ரத்தத்தைத் தொடும் எந்தக் கருவியும் சந்தைக்கு வருமுன், அது இந்தச் சிதைவை எவ்வளவு உண்டாக்குகிறது என்பதை அளந்து காட்டியாக வேண்டும்.

அணுக்கள் குறைந்து சோகை வருவது பாதிப்பின் ஒரு பகுதிதான். சிந்திய ஹீமோகுளோபின் செய்யும் கேடு அதைவிடப் பெரிது. ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவில் அது 100 மில்லிலிட்டருக்கு ஒருசில மில்லிகிராம் மட்டுமே இருக்கும். அந்தச் சிறு அளவை ஹாப்டோகுளோபின் என்னும் புரதம் பற்றிக்கொண்டு அப்புறப்படுத்திவிடும். புரதத்தின் கையிருப்பு தீர்ந்துவிட்டால், கட்டற்ற ஹீமோகுளோபின் ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்திவைக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் கவர்ந்துகொள்கிறது. குழாய்கள் இறுகுகின்றன, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தலைப்படுகின்றன. மிச்சம் சிறுநீரகத்தின் வழியே வடிந்து அதன் நுண்குழாய்களைப் பாழாக்குகிறது, சிறுநீர் கருஞ்சிவப்பாகிறது. இதயத்தைக் காப்பாற்றப் பொருத்திய கருவியால் சிறுநீரகம் பறிபோகக் கூடாது என்பதற்காகவே இந்தச் சோதனைக்கு இத்தனை கெடுபிடி.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்பட்டைக்கு இது புதிதாக வந்து சேர்ந்திருக்கும் பாடம். இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய், ஒரகடத்தின் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் என இந்தப் பகுதி காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்து பெயர் வாங்கியது. ஒன்றிய அரசு 2020இல் அறிவித்த மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இடம் கிடைத்தபோது, அதற்கென ஒரகடம் சிப்காட்டில் சுமார் 350 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஒரு பூங்காவின் பொது வசதிகளுக்கு ஒன்றிய அரசு தரும் உதவித்தொகையின் உச்சவரம்பு 100 கோடி ரூபாய். எந்தெந்த வசதிகளுக்கு அந்தப் பணத்தைச் செலவிடலாம் என்று திட்டம் தரும் பட்டியலில் மருத்துவத் தர மோல்டிங், கிருமிநீக்கம் ஆகியவற்றோடு உயிரி ஒப்புமைச் சோதனைக்கூடமும் விலங்கு ஆய்வகமும் இருக்கின்றன. சிவப்பணுச் சோதனை இந்தக் கடைசி இரண்டையும் சார்ந்தது.

சிதைவுக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று வேதியியல்: கருவி செய்யப்பட்ட பொருளிலிருந்து கசியும் ஏதோ ஒன்று சவ்வைக் கரைப்பது. மற்றது இயக்கவியல்: கருவிக்குள் ரத்தம் ஓடும் விதமே அணுவைக் கிழிப்பது. இரண்டுக்கும் சோதனைகள் வேறு வேறு. முதலாவதில் தேறிய கருவி இரண்டாவதில் தோற்கக்கூடும் என்பதால், ஒன்றின் சான்றிதழைக் காட்டி மற்றதிலிருந்து விலக்குப் பெற முடியாது.

பொருளைச் சோதிக்கும் முறை எளிமையானது, ஆனால் நுணுக்கமானது. ஏஎஸ்டிஎம் எஃப்756 என்ற தர ஆவணம் இதற்கான வழக்கமான வழிகாட்டி. ஐஎஸ்ஓ 10993 வரிசையின் நான்காம் பகுதி, எந்தக் கருவிக்கு ரத்தம் சார்ந்த எந்தச் சோதனை வேண்டும் என்று சொல்கிறது. பெரும்பாலும் முயல் ரத்தமே பயன்படும். பல முயல்களின் ரத்தத்தை உறையாமல் எடுத்து ஒன்றாகக் கலந்து, ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் ஹீமோகுளோபின் இருக்கும்படி நீர்க்க வைக்கிறார்கள். கருவியின் துண்டை உப்புக் கரைசலில் ஊறவைத்து எடுத்த சாறு 7 மில்லிலிட்டருடன் இந்த ரத்தம் 1 மில்லிலிட்டர் சேர்கிறது. இன்னொரு குழாயில் சாறுக்குப் பதில் துண்டையே நேராகப் போடுகிறார்கள். 37 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 மணி நேரம் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார்கள். பிறகு மையவிலக்கியில் சுழற்றினால் முழு அணுக்கள் அடியில் படியும். உடைந்தவற்றின் ஹீமோகுளோபின் மட்டும் மேலே தெளிந்த நீரில் நிற்கும். அதை டிராப்கின் கரைசலுடன் கலந்து 540 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கிறார்கள்.

விடை சதவீதமாக வருகிறது. கருவியே சேர்க்காத குழாயில் உடைந்த அளவைக் கழித்து, எல்லா அணுக்களும் உடைந்தால் கிடைக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். 2 சதவீதத்துக்குள் இருந்தால் அந்தப் பொருள் சிவப்பணுவைச் சிதைப்பதில்லை என்று கொள்வர். 2 முதல் 5 வரை இலேசாகச் சிதைப்பது. 5ஐத் தாண்டினால் சிதைக்கும் பொருள். எல்லா அணுக்களையும் உடைத்துவிடும் தூய நீரும், எதுவும் செய்யாத பாலிஎத்திலீன் துண்டும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே சோதிக்கப்படுகின்றன. அவை இரண்டும் எதிர்பார்த்த விடையைத் தராவிட்டால் அன்றைய சோதனை முழுவதும் செல்லாது. எண் குறைவாக வந்தாலும் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. வெளியேறிய ஹீமோகுளோபின் கருவித் துண்டின் மேல் ஒட்டிக்கொண்டாலோ வீழ்படிவாக இறங்கிவிட்டாலோ, அளவி அதைக் காணாது. ஆகவே குழாயைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வதும் சோதனையின் அங்கம்.

சோதனைக்குப் போக வேண்டியது மூலப்பொருள் அல்ல. பொதியப்பட்டு, கிருமி நீக்கி, விற்பனைக்கு அணியமான கருவி. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவத் தரச் சான்றுடன் வாங்கிய பிளாஸ்டிக் குருணை குற்றமற்றதாகவே இருக்கும். மோல்டிலிருந்து பொருள் எளிதில் கழல அடிக்கும் ஸ்ப்ரே, உலோகத்தைக் கடையும்போது ஊற்றும் கட்டிங் ஆயில், அதைக் கழுவிய சோப்பின் மிச்சம், பிவிசி குழாய்களை ஒட்டப் பயன்படும் சைக்ளோஹெக்சனோன், கிருமி நீக்கிய எத்திலீன் ஆக்சைடின் எச்சம் ஆகியவை ஆலைக்குள் சேருபவை. சோப்பு வகைகள் கொழுப்புச் சவ்வைக் கரைப்பதில் பெயர்பெற்றவை. கார் உதிரிபாகம் செய்து பழகிய ஆலையில் இவற்றை யாரும் குறையாகக் கருதுவதில்லை. ரத்தம் தொடும் கருவியில் இவை ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியவை.

வேதியியல் எப்போதும் நேர்க்கோட்டில் போவதில்லை. பிவிசியை நெகிழ வைக்கச் சேர்க்கும் டிஇஎச்பி என்ற பொருள் ரத்தப் பையிலிருந்து ரத்தத்துக்குள் கசிகிறது. உடலுக்கு ஆகாது என்று அதைக் கைவிடச் சொல்லும் குரல்கள் வலுத்துவருகின்றன. அதே டிஇஎச்பி சிவப்பணுவின் சவ்வில் புகுந்து அதை உறுதியாக்கி, சேமிப்புக் காலத்தில் சிதைவைக் குறைக்கவும் செய்கிறது. மாற்றுப் பொருளில் பை செய்ய முனைந்தவர்களுக்கு இதுவே பெரிய தடையாக நின்றது. சேமிப்பின் முடிவில் பையில் உள்ள சிவப்பணுக்களில் சிதைந்தவை ஐரோப்பாவில் 0.8 சதவீதத்தையும் அமெரிக்காவில் 1 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது விதி.

இரண்டாவது வேரான ஓட்டத்துக்கு வந்தால் களமே மாறுகிறது. குழாய்க்குள் ஓடும் திரவம் நடுவில் வேகமாகவும் சுவரருகே மெதுவாகவும் நகர்கிறது. வேகம் மாறுபடும் இரண்டு அடுக்குகளுக்கு இடையே சிக்கிய அணுவை அவை எதிரெதிராக இழுக்கின்றன. இந்த இழுப்பே சறுக்குத் தகைவு. இயல்பான தமனிச் சுவரில் அது ஒருசில பாஸ்கல்தான். 1972இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவரெட்டும் சகாக்களும் சுழலும் உருளைகளுக்கு இடையே ரத்தத்தை வைத்துச் சோதித்து, ஏறத்தாழ 150 பாஸ்கலைத் தாண்டும்போது அணுக்கள் பெருமளவில் உடைவதைக் காட்டினர். அந்த ஆய்வில் ரத்தம் நிமிடக்கணக்கில் தகைவுக்கு ஆட்பட்டது. ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே ஆட்படும்போது அணு அதைவிடப் பலமடங்கு தாங்கும். எவ்வளவு இழுப்பு, எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

செயற்கை வால்வின் கீலருகே பின்னோக்கிக் கசியும் இடுக்கு, பம்பின் சுழலிக்கும் கூட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, வால்வைத் தைத்த இடத்தில் தையல் விட்டுப்போன ஓட்டை போன்ற இடங்களில் ரத்தம் பீய்ச்சியடிக்கிறது. தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் எப்படிச் சீறுமோ, அதுவே இங்கும் நடக்கிறது. சீறும் தாரையின் ஓரங்களில்தான் தகைவு உச்சம் தொடுகிறது. அழுத்தம் திடீரெனச் சரிந்து நுண்குமிழிகள் தோன்றி வெடிப்பதும், காற்றும் ரத்தமும் கலந்து நுரைப்பதும், பம்பின் தாங்குருளை சூடேறுவதும் சேதத்தைக் கூட்டுகின்றன.

பம்புகளைச் சோதிக்க ஏஎஸ்டிஎம் எஃப்1841 என்ற முறை இருக்கிறது. சுமார் 450 மில்லிலிட்டர் ரத்தத்தை மூடிய சுற்றில் வைத்து, 37 டிகிரியில், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம், 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு எதிராக, 6 மணி நேரம் ஓடவிட வேண்டும். பெரும்பாலும் மாட்டு ரத்தமோ பன்றி ரத்தமோ பயன்படும். இடையிடையே மாதிரி எடுத்துப் பிளாஸ்மாவில் ஹீமோகுளோபின் எப்படி ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். கணக்கின் முடிவில் வரும் எண் இயல்பாக்கிய சிதைவுக் குறியீடு. 100 லிட்டர் ரத்தத்தை அனுப்பும்போது பம்ப் எத்தனை கிராம் ஹீமோகுளோபினைச் சிந்தவைக்கிறது என்பதே அதன் பொருள்.

குறியீடு 0.01 என்றால் அற்பமாகத் தோன்றும். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் ஒரு நாளில் 7,200 லிட்டர்; ஆக நாளொன்றுக்கு 0.72 கிராம். உடலில் உள்ள சுமார் 750 கிராம் ஹீமோகுளோபினும் 120 நாளில் மாற்றப்படுவதால், இயல்பாகவே தினமும் ஏறத்தாழ 6 கிராம் கழிவது வழக்கம். அதன்மேல் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் கூடுவதை உடல் பெரும்பாலும் சமாளித்துவிடும். குறியீடு 0.1 ஆகிவிட்டால் நாளுக்கு 7.2 கிராம். இயல்பான கழிவைவிட மிகுதியான இந்தச் சுமை, மண்ணீரல் வழியாக ஒழுங்காகப் போகாமல் நேரே பிளாஸ்மாவில் சிந்துகிறது. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு சுழி கூடுவதும் குறைவதும் நோயாளியின் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை வாழ்வா சாவா என்ற வேறுபாடு.

ரத்தத்தின் தரமே இந்த முறையின் பலவீனமான கண்ணி. மெல்லிய ஊசியால் அவசரமாக உறிஞ்சினாலே அணுக்கள் உடையும். பழைய ரத்தம் புதியதைவிட எளிதில் உடையும். உயிரினத்துக்கு உயிரினம் தாங்குதிறன் மாறும். ஆட்டின் சிவப்பணு மனித அணுவைவிட மிகச் சிறியது. ஆகவே ஒரு கருவியின் எண்ணைத் தனியே எடுத்து வைத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்பு வழங்குவது பிழை. ஏற்கெனவே மருத்துவமனைகளில் நம்பிப் பயன்படுத்தப்படும் கருவி ஒன்றை, அதே நாளில், அதே ரத்தத்தில், பக்கத்துச் சுற்றில் ஓட்டி இரண்டையும் ஒப்பிடுவதே நேர்மையான வழி. புதிய ரத்தம் சில மணி நேரத்தில் கைக்கு வரும் இடத்தில்தான் சோதனைக்கூடம் அமைய முடியும். ஒரகடத்துக்குத் தென்கிழக்கே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆடு, பன்றி, முயல் வளர்ப்பில் நீண்ட அனுபவமுள்ள அத்தகைய இடம் அருகில் அமைந்திருப்பது இந்தத் தொழிற்பட்டைக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

கருவி ஒன்றைத் தொடக்கம் முதல் செய்து முடித்த இந்திய அனுபவத்துக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தையே நோக்க வேண்டும். டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே உருவான சாய்வட்டு இதய வால்வு, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முந்தைய வடிவங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சோதனையில் தோற்றுக் கைவிடப்பட்டவை. செயற்கை நீலக்கல்லில் செய்த வட்டு வழுவழுப்பாகவும் ரத்தத்துக்கு இணக்கமாகவும் இருந்தும் உடைந்தது. கோபால்ட் கலப்புலோகக் கூட்டில் மிக உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் வட்டு என்ற நான்காவது வடிவமே கடைசியில் நிலைத்தது. சென்னையின் டிடிகே குழுமம் தொழில்நுட்பத்தைப் பெற்று அதைத் தயாரிக்கலாயிற்று. ரத்தத்துக்கு உகந்த பொருளும் பல்லாண்டு தேயாத பொருளும் ஒன்றாகவே அமைய வேண்டும் என்ற இரட்டைக் கட்டாயத்தை அந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் வால்வு ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் முறை திறந்து மூடும். உறுதியான வால்வுகளை 40 கோடி சுழற்சி வரை சோதிக்கச் சொல்கிறது ஐஎஸ்ஓ 5840. அது பத்தாண்டுத் துடிப்புக்குச் சமம். அத்தனை சுழற்சிக்குப் பின் தேய்ந்து சொரசொரப்பான விளிம்பு, புதிதாக இருந்தபோது உடைக்காத அணுக்களை உடைக்கத் தொடங்கலாம்.

ஓடிக் களைக்கும்வரை ஒரு பாகத்தைச் சோதிப்பது ஒரகடத்துக்கு அந்நியமான காரியமல்ல. வாகனங்களை மோதவிட்டும் ஆட்டி அசைத்தும் சோதிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் அங்கேயே இருக்கிறது. மைக்ரான் கணக்கில் டை செதுக்கும் டூல் ரூம்களும், ஆயிரம் பாகத்தில் ஒரு பிழையைத் தேடிப் பிடிக்கும் ஆய்வாளர்களும் இந்தப் பகுதியில் உண்டு. அந்தத் திறமை சிவப்பணுவைக் காப்பதில் நேரடியாகப் பயன்படும். 1998இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இதற்குச் சான்று. மூன்று மாநிலங்களில் டயாலிசிஸ் செய்துகொண்ட 30 பேருக்குத் திடீரெனச் சிவப்பணுக்கள் சிதைந்தன. பலருக்கு வயிற்றுவலி, சிலருக்குக் கணைய அழற்சி. தண்ணீரில் குளோரின் வகைப் பொருள் கலந்ததா, இயந்திரம் சூடேறியதா என்று தேடிய பிறகு, குற்றவாளியாக அகப்பட்டது ரத்தக் குழாய்த் தொகுதி. டயலைசருக்குள் போகுமுன் ரத்தம் கடக்கும் துளை, தயாரிப்பின்போது குறுகிப்போயிருந்தது. பிளாஸ்டிக்கில் நச்சு எதுவும் இல்லை. துளையின் அளவு மட்டுமே தவறு.

பொருளைச் சோதிக்கும் எஃப்756 முறையால் இப்படிப்பட்ட குறையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அங்கே ரத்தம் ஓடுவதில்லை. வடிவமைப்பின்போது செய்த ஓட்டச் சோதனையும் பிடித்திருக்காது. அன்று சோதிக்கப்பட்ட மாதிரியின் துளை சரியாகவே இருந்திருக்கும். இணைப்பின் உள்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பர், இரண்டு மோல்டுப் பாதிகள் சேருமிடத்தில் பிதுங்கிய ஃபிளாஷ், கூடுதலாக வழிந்து இறுகிய பசை ஆகியவை நாள்தோறும் தயாரிப்பு வரிசையில் பிறப்பவை. இந்தக் காரணத்தால், சிவப்பணுச் சோதனையை ஆய்வகத்தின் வேலை என்று மட்டும் கருதுவது போதாது. ஆய்வகம் ஒரு வடிவத்துக்கு ஒப்புதல் தருகிறது. அந்த வடிவம் ஒவ்வொரு துண்டிலும் பிசகாமல் வருகிறதா என்பதை வரிசையில் நிற்கும் கண்ணும் கேஜும்தான் காக்கின்றன.

கணினியில் ஓட்டத்தைக் கணித்துச் சிதைவை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை நீண்ட நாளாக உண்டு. தகைவையும் நேரத்தையும் அடுக்குகளாக வைத்துப் பெருக்கும் சூத்திரம் 1990 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எளிமையான கூம்புக் குழாய் ஒன்றின் வரைபடத்தைக் கொடுத்து உலகெங்கும் உள்ள வல்லுநர்களை அதன் ஓட்டத்தைக் கணிக்கச் சொன்னது. 28 குழுக்கள் பங்கேற்றன. விடைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றன. எந்த வடிவம் இன்னொன்றைவிட மேல் என்று தரம் பிரிக்கக் கணினி நன்றாக உதவுகிறது. எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல இன்றும் ரத்தமே வேண்டும்.

ரத்தச் சோதனைக்கும் பிடிபடாத சேதம் ஒன்று உண்டு. கிழியாமல், ஆனால் இழுபட்டு விறைத்துப்போன அணு ஹீமோகுளோபினைச் சிந்துவதில்லை. ஆகவே 6 மணி நேரச் சுற்றில் அது முழுமையான அணுவாகவே கணக்கில் சேரும். உடலுக்குள் அதே அணு மண்ணீரலின் இடுக்குகளில் நெளிய முடியாமல் மாட்டி, தன் காலத்துக்கு முன்பே அகற்றப்படும். விலங்குகளுக்குக் கருவியைப் பொருத்தி மாதக்கணக்கில் கவனிக்கும் ஆய்வை எந்த ஆய்வகச் சோதனையாலும் முழுவதும் ஈடுகட்ட முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கருவிகள் ஏ, பி, சி, டி எனப் பிரிக்கப்படுகின்றன. இதய வால்வு போன்றவை டி வகுப்பு. சி, டி வகுப்புக் கருவிகளைத் தயாரிக்க ஒன்றிய அரசின் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பே உரிமம் தரும். விண்ணப்பத்தோடு சேரும் கோப்பில் உயிரி ஒப்புமை அறிக்கை கட்டாயம். சிவப்பணுச் சிதைவு அதில் ஓர் இயல்.

உரிமத்தோடு கண்காணிப்பு நின்றுவிடுவதில்லை. நோயாளியின் ரத்தத்தில் ஹாப்டோகுளோபின் சரிந்து, லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி ஏறி, நுண்ணோக்கியில் துண்டுபட்ட அணுக்கள் தென்பட்டால், வால்வின் ஓரம் கசிகிறதா, பம்புக்குள் ரத்தக்கட்டி பிடித்திருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார். கருவிகளால் வரும் பாதிப்புகளைத் திரட்ட 2015 ஜூலையில் இந்தியக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவர் மட்டுமல்ல, செவிலியர், தொழில்நுட்பர், நோயாளி ஆகியோரும் அதில் தகவல் தரலாம். அத்தகைய அறிக்கையில் கருவியின் பேட்ச் எண் இருந்தால், அது எந்த மோல்டில், எந்தத் தேதியில், எந்தப் பசைக் கலவையோடு உருவானது என்று ஆலை தன் பதிவேட்டில் பின்னோக்கிப் பார்க்க முடியும். அதே பேட்சில் விற்காமல் மீதமிருப்பவற்றை நிறுத்திவைத்து, அவற்றின் துளைகளை மறுபடி அளக்கவும் முடியும்.